கார்டிஃபா, பள்ளத்தாக்கா என்று கேட்ட செவிலியருக்கு

வேல்ஸில் லான்ட்ரிசன்ட் என்ற ஊருக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் செவிலியர் பணி கிடைத்து, கணவரோடும் எட்டு வயது மகளோடும் ஐந்து வயது மகனோடும் ஆகஸ்டில் திருச்சியிலிருந்து வரவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலுள்ள ரோந்தா பள்ளத்தாக்கில் வாடகை குறைவு. ஆனால் அங்கே நம் மக்கள் எவருமில்லை, பிள்ளைகள் தனித்துப்போவார்கள், ஆகவே தலைநகர் கார்டிஃபில் வீடு எடுத்துத் தினமும் காரில் போய்வருவதே நல்லது என்று முன்பே வந்தவர்கள் சொல்கிறார்களாம். அது சரிதானா என்று கேட்கிறீர்கள். கூடவே முன்பணம், கவுன்சில் வரி, ஓட்டுநர் உரிமம், அரிசி, மசாலா என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு என்னிடம் அதிகம் விடையில்லை. வரியும் வாடகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை, அரசு இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்திய உரிமத்தை வைத்து 12 மாதம் ஓட்டலாம், அதற்குள் இங்குள்ள தேர்வை முடித்துவிடுங்கள். அரிசி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

என் தந்தை சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர். அறுவை மருத்துவராக வேண்டும் என்று வந்தவருக்கு, அந்தக் காலத்தில் இங்கே நம்மவர்களுக்குத் திறக்காத கதவுகள் எவையென்பது இரண்டு ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. உள்ளூர் மருத்துவர்கள் எவரும் போக விரும்பாத சுரங்க ஊர்களில் பொது மருத்துவர் இடங்கள் காலியாக இருந்தன. அப்படித்தான் அவர் ரோந்தாவின் கிளைப் பள்ளத்தாக்கான சின்ன ரோந்தாவில், ஃபெர்ன்டேலுக்கு மேலே ஒரு தெருவுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த பள்ளத்தாக்கு ஒன்றில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், மருத்துவம் எங்கே மிகவும் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தக் குறையை நிரப்ப வந்தவர்களில் மிகப் பலர் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் இப்போது வருவதும் ஏறக்குறைய அதே காரணத்துக்காகத்தான்.

அம்மாவும் நானும் கைக்குழந்தையான தம்பியும் 1974 ஜனவரியில் வந்தோம். எனக்கு ஆறு வயது. எண்ணெய் விலையேற்றமும் சுரங்கத் தொழிலாளர்களின் போராட்டமும் சேர்ந்து நிலக்கரியைத் தட்டுப்பாடாக்கியிருந்ததால், தொழிற்கூடங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டுமே மின்சாரம் என்று அரசு விதித்திருந்த காலம் அது. தொலைக்காட்சி இரவு 10.30 மணிக்கே அணைந்துவிடும். எங்கள் வீட்டின் முன்னறை மருத்துவக் கூடம், பின்பகுதி குடியிருப்பு. மண்ணெண்ணெய் அடுப்பின் நெடியும், காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்திருக்கும் பனியும், பருத்திப் புடவைக்கு மேல் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு பேசாமல் சமைத்த அம்மாவின் முகமும்தான் அந்த முதல் மாதங்கள்.

எங்களை அதிலிருந்து மீட்டது அந்தத் தெருதான். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சலுகை நிலக்கரி உண்டு. லாரி வந்து வீட்டு வாசலில் குவியலாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். மழைக்கு முன் அதை அள்ளிப் பின்கட்டு அறையில் சேர்க்கவேண்டும் என்பதால், யார் வீட்டுக் குவியலானாலும் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாளியோடு இறங்குவார்கள். ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு அம்மையார் எங்கள் கதவைத் தட்டி, என் கையில் ஒரு சிறிய வாளியைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் கறுத்த முகமும் கிழிந்த காலுறையுமாகத் திரும்பி வந்ததைக் கண்டு அம்மா அழுதார், அப்பா சிரித்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கு நான் தனியாக நடந்துபோனதே இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்பாவோடு வேலை பார்த்த நம்மவர்கள் சிலர், பள்ளத்தாக்கில் மருத்துவம் பார்த்துக்கொண்டே கார்டிஃபின் வசதியான புறநகர்களில் வீடு வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் பிள்ளைகள் கட்டணப் பள்ளிகளில் படித்தார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சந்திப்போம். நல்ல பிள்ளைகள், நன்றாகவே படித்தார்கள். ஆனால் தங்கள் தந்தை யாருடைய மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சம்பாதித்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. எங்களைப் பார்த்து 'அந்த ஊரில் எப்படி இருக்கிறீர்கள்' என்று இரக்கத்தோடு கேட்பார்கள். கார்டிஃபிலும் அவர்களுக்கு அண்டை வீட்டார் இருந்தார்கள், ஆனால் பெயர் தெரியாது. இன்று உங்களுக்கு அறிவுரை சொல்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்: அங்கே மனிதர்கள் இல்லை என்று. நம்மவர் இல்லாத இடத்தில் மனிதரே இல்லை என்று பேசுவது, ஐம்பது ஆண்டுகளாக நான் கேட்டுச் சலித்த பேச்சு.

எனவே என் பதில்: ரோந்தா பள்ளத்தாக்கிலேயே குடியிருங்கள். கார்டிஃபுக்கு மாதமொரு முறை கோயிலுக்கும் கடைக்கும் நண்பர்களைப் பார்க்கவும் போங்கள். ஆனால் ஒவ்வொரு வாரக்கடைசியும் காரில் ஏறிப் போகாதீர்கள். இங்கே பிள்ளைகளின் நட்பு சனி ஞாயிறுகளில்தான் கூடிவரும். பிறந்தநாள் விருந்து, இளையோர் ரக்பி, பாடற்குழு ஒத்திகை எல்லாம் அப்போதுதான். இரண்டு அழைப்புக்கு வராத பிள்ளையை மூன்றாவதற்கு அழைக்க மாட்டார்கள்; அதில் வெறுப்பு எதுவுமில்லை, வரமாட்டாள் என்று எண்ணிவிடுவார்கள், அவ்வளவுதான்.

எல்லாம் இனிமையாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முந்தைய இரவு தொலைக்காட்சியில் நம்மவர்களைக் கேலி செய்யும் நகைச்சுவை ஓடியிருந்தால், மறுநாள் காலை பள்ளி முற்றத்தில் அந்தக் குரலும் தலையாட்டலும் எனக்காகவே நடித்துக் காட்டப்படும். 'பாகிஸ்தானி' என்பதைச் சுருக்கி வசவாகச் சொன்னவர்களுக்கு, நாங்கள் பாகிஸ்தானியர் அல்லர் என்பது ஒரு பொருட்டே அல்ல. அப்பா 'கண்டுகொள்ளாதே' என்றார். அந்தத் தலைமுறை அப்பாக்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள். முதல் முறை நடந்த அன்றே, நாளும் இடமும் சொல்லப்பட்ட சொல்லும் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இப்போது பள்ளிகள் அதைப் பதிவு செய்து விசாரிக்கின்றன. வாய்வார்த்தையாகச் சொன்னது பெரும்பாலும் காற்றோடு போய்விடும். மகளின் பெயரையும் முதல் நாளே பள்ளியில் முழுதாகச் சொல்லிக்கொடுங்கள். வேல்ஸ் ஊர்ப்பெயர்களைச் சொல்லத் தெரிந்த நாக்குக்கு நம் பெயர் ஒன்றும் கடினமில்லை.

என் பள்ளியின் ஆசிரியை ஒருவர், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று அப்பாவிடம் சொன்னார். அன்று அது நல்லெண்ணத்தோடு எங்கும் சொல்லப்பட்ட அறிவுரை. அப்பா கீழ்ப்படிந்தார், அம்மா மறுத்துவிட்டார். நான் அடுப்படியில் வளர்ந்ததால் இன்று உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன். அப்பாவோடு அதிகம் இருந்த தம்பிக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. அப்பாவின் கடைசி நாள்களில் அவருக்கு ஆங்கிலம் பின்வாங்கிப் போனபோது, தம்பி கட்டிலருகே என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யார் என்ன சொன்னாலும் வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். ஆங்கிலம் வாசலுக்கு வெளியே தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

வேல்ஸ் மொழியைப் பற்றியும் உங்களிடம் பயமுறுத்தியிருப்பார்கள். அரசுப் பள்ளிகள் அனைத்திலும் 16 வயதுவரை அது கட்டாயப் பாடம். முழுவதும் அம்மொழியிலேயே கற்பிக்கும் பள்ளிகளும் கட்டணமின்றி இருக்கின்றன. 'எதற்கும் உதவாத மொழி' என்று நம்மவர்கள் உதட்டைப் பிதுக்குவதைக் கேட்கும்போது எனக்குக் கோபமே வரும். தமிழுக்கு ஒன்றென்றால் கொதித்தெழுகிறவர்களே இதைச் சொல்கிறார்கள். மார்ச் 1, புனித டேவிட் நாளில், பள்ளியில் ஐஸ்டெத்வொட் என்னும் கவிதை, பாட்டுப் போட்டி நடக்கும். உயரமான கறுப்புத் தொப்பியும், சால்வையும், அம்மா தைத்த சிவப்புக் கம்பளிப் பாவாடையும் அணிந்து, நெஞ்சில் மஞ்சள் டாஃபடில் மலரைக் குத்திக்கொண்டு மேடையேறி வேல்ஸ் கவிதையொன்றை ஒப்பித்துப் பரிசு பெற்றவள் நான். எங்கள் தெருவில் பெரும்பாலோருக்கு அந்த மொழி தாத்தா பாட்டியோடு போய்விட்டிருந்தது. முன்வரிசையில் இருந்த சில முதியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 2024 ஆகஸ்டில் தேசிய ஐஸ்டெத்வொட் நான் இப்போது வசிக்கும் பொன்டிப்ரீத்தின் பூங்காவிலேயே நடந்தபோது, பேரப்பிள்ளையை அழைத்துக்கொண்டு போனேன். உங்கள் ஐந்து வயது மகனை வேல்ஸ் வழிப் பள்ளியில் சேர்ப்பதைக் கட்டாயம் எண்ணிப் பாருங்கள். அந்த வயதில் இன்னொரு மொழி சுமையே அல்ல.

அந்த ஊரில் நாங்கள் முதல் வந்தேறிகளும் அல்லர். இத்தாலியில் பார்டி என்ற மலையூரையும் அதைச் சுற்றிய கிராமங்களையும் சேர்ந்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தெற்கு வேல்ஸின் சுரங்க ஊர்களுக்கு வந்து ஐஸ்கிரீமும் காப்பியும் விற்கும் கடைகளை நடத்தினார்கள். பள்ளி விட்டதும் நாங்கள் கூடுவது அப்படியொரு கடையில்தான். 1940 ஜூனில் முசோலினி போர் அறிவித்ததும் அந்த இத்தாலியர்கள் பலரை இங்குள்ள அரசு கைது செய்தது. அடுத்த மாதம் அவர்களில் பலரை ஏற்றிக் கனடாவுக்குப் புறப்பட்ட 'அரண்டோரா ஸ்டார்' கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கி மூழ்கியதில், இந்தப் பள்ளத்தாக்குகளின் கடைக்காரர்கள் பலரும் இறந்தார்கள். எங்கள் கடைக்காரக் கிழவர் இதைச் சொல்லிவிட்டு, உடனே வழக்கம்போல் என் கோப்பையில் அரைக்கரண்டி அதிகமாக ஐஸ்கிரீம் வைப்பார்.

1984 மார்ச்சில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது எனக்கு 16 வயது. ஓராண்டு சம்பளமின்றி இருந்த வீடுகளுக்காகப் பெண்கள் தொழிலாளர் மன்றத்தில் பொதுச் சமையல் நடத்தினார்கள். பக்கத்து வீட்டு அம்மையார் வந்து, உங்களிடம் பெரிய பாத்திரம் இருக்கிறதல்லவா, எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அம்மாவை அழைத்தார். அம்மா பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு வைத்த குழம்பை முதல் வாரம் முகம் சுளித்துச் சாப்பிட்டவர்கள், அடுத்த மாதம் அது இல்லாத நாளில் எங்கே என்று கேட்டார்கள். கார்டிஃபிலிருந்து காரில் வந்துபோகும் மருத்துவரின் மனைவியை யாரும் அப்படி அழைத்திருக்க மாட்டார்கள். 1985 மார்ச் 5 அன்று விடியுமுன், மார்டி சுரங்கத்துக்குத் தொழிலாளர்கள் வாத்தியக் குழுவும் பதாகையும் முன்செல்ல அணிவகுத்துத் திரும்பியபோது, ஊரே பின்னால் நடந்தது. அம்மாவும் நானும் நடந்தோம். ரோந்தாவின் கடைசிச் சுரங்கமான அது 1990 டிசம்பரில் மூடப்பட்டது.

ஆகவே நான் வளர்ந்த ஊருக்கு நீங்கள் வரப்போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தோடு வேலையும், வேலையோடு இளைஞர்களும் போய்விட்டார்கள். தேவாலயங்கள் பல இடிக்கப்பட்டோ குடியிருப்புகளாக மாறியோ விட்டன. கடைத்தெருவில் பாதி பூட்டிக் கிடக்கிறது. வறுமை இருக்கிறது, போதைப்பொருளும் இருக்கிறது. சின்ன ரோந்தாவுக்குப் பயணிகள் ரயில் 1960களிலேயே நின்றுவிட்டது, பேருந்துதான். 2020 பிப்ரவரியில் பெருமழையில் டைலர்ஸ்டவுனில் பழைய நிலக்கரிக் கழிவுமேடு சரிந்தது. இங்கே அது வெறும் செய்தி அல்ல. 1966 அக்டோபர் 21 அன்று அபெர்வானில் அத்தகைய மேடு ஒரு தொடக்கப்பள்ளியின்மேல் சரிந்து 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். கனமழை நாள்களில் என் ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்தி ஜன்னல் வழியே மலையைப் பார்ப்பார்கள். வீடு பார்க்கும்போது மேலே உள்ள கழிவுமேடு எந்த அபாய வகைப்பாட்டில் இருக்கிறது, வெள்ள அபாயம் உண்டா என்று கேளுங்கள்.

உடல்நலத்தைப் பற்றிச் செவிலியரான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் அப்பா சொல்லிக்கொண்டே இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். குறுகிய பள்ளத்தாக்கில் குளிர்காலச் சூரியன் பிற்பகலிலேயே மலைக்குப் பின்னால் போய்விடும். நம் தோலுக்கு அது போதவே போதாது; 1970களில் இந்த நாட்டில் நம் பிள்ளைகளிடையே எலும்பு வளையும் நோய் கவலைப்படும் அளவுக்கு இருந்தது. நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி, நம் போன்ற நிறத்தவர்களுக்கு ஆண்டு முழுவதும். அந்தப் பழைய வரிசை வீடுகளில் ஈரம் ஏறும். துணியை அறைக்குள் உலர்த்திவிட்டு ஜன்னலையும் மூடிவைத்தால் சுவரில் பூஞ்சை பிடித்து பிள்ளைகளுக்கு மூச்சிளைப்பு வரும்.

செலவைப் பற்றிக் கேட்டதற்கும் இரண்டு வரி: வேல்ஸில் மருந்துச் சீட்டுக்கு 2007 முதல் கட்டணம் இல்லை, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவும் இலவசம், நம் ஊர்ச் சத்துணவுபோல. சைவம் என்றால் படிவத்தில் எழுதிவிடுங்கள். என் காலத்தில் சைவம் என்றால் தினமும் பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும்தான், இப்போது அப்படியில்லை.

பள்ளி இடங்களை உள்ளூர் கவுன்சில் ஒதுக்குகிறது. செப்டம்பரில் ஆண்டு தொடங்குவதால் வீட்டு முகவரி உறுதியான அன்றே எழுதுங்கள், வேல்ஸ் வழிப் பள்ளிகளின் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்துபோகும் தொலைவில் வீடு கிடைத்தால், சமையலறை சிறியது என்பதற்காக அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.