தறி ஓட்டுறவங்களுக்குக் காது மந்தமானா, அது சத்தத்தாலயா வயசாலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அப்பாவுக்கு 52 வயசு, விசைத்தறி ஓட்டுறார், டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போறார், டெஸ்ட் எடுத்தா 'நார்மல்'னு எழுதித் தர்றாங்கன்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் அதே 'நார்மல்'தான் எழுதிக் கொடுத்தாங்க. அதனாலதான் இந்தப் பதில்.

குமாரபாளையம் பக்கம் 23 வருசமா தறி ஓட்டுறேன். நான் டாக்டர் இல்லை, படிச்சவங்க திட்ட வேண்டாம். என் காதுல நடந்ததை மட்டும் சொல்றேன்.

முதல் தடவை நைட் ஷிப்ட் முடிச்சு நேரா காது டெஸ்டுக்குப் போனேன். காதுல அழுக்கு இருக்கான்னு பார்த்துட்டு, "ராத்திரி பூரா தறியில நின்னீங்களா? காது களைச்சுப் போயிருக்கும், இப்ப எடுத்தா உள்ளதை விட மோசமா காட்டும். 16 மணி நேரமாவது சத்தம் இல்லாம இருந்துட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழமை தறி நிக்கும். திங்கள் காலையில பட்டறைக்குப் போகாம அங்க போனேன். ஒரு நாள் கூலி போச்சு.

சத்தம் புகாத சின்ன ரூம். ஹெட்போனை மாட்டி, கையில ஒரு பட்டனைக் கொடுத்து, 'கீ'ன்னு எவ்வளவு சன்னமா கேட்டாலும் அமுக்கச் சொன்னாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்குற பொண்ணு உட்கார்ந்திருக்கு. பட்டறையில நாங்க யாரும் காதால பேசுறதில்ல, வாயசைவும் கைஜாடையும்தான். அந்தப் பழக்கத்துல அதோட தோள் அசையறப்ப எல்லாம் பட்டனை அமுக்கிட்டேன். ரெண்டு நிமிசத்துல கண்டுபிடிச்சு, "அண்ணா, சுவத்தைப் பார்த்துத் திரும்பி உட்காருங்க"ன்னுச்சு. அப்புறம் ரொம்ப நேரம் எனக்கு அமுக்கவே வேலையில்ல.

ஹெர்ட்ஸ் கூடினா சத்தம் கீச்சுன்னு இருக்கும்; டெசிபல்ங்கிறது எவ்வளவு சத்தமா வெச்சாத்தான் கேக்குதுங்கிற அளவு, அது கூடினா காது மந்தம். வலது காது ரிசல்ட் இது: 500 ஹெர்ட்ஸ்ல 15 டெசிபல், 1000ல 20, 2000ல 25. 4000ல 55. 8000ல திரும்ப 35. இடது காதும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனா கடைசி வரியில போடுற சராசரிக்கு முதல் மூணை மட்டும்தான் எடுத்தாங்க. கூட்டி வகுத்தா 20. 25 வரைக்கும் நார்மல். எழுதிட்டாங்க.

கிராஃப்ல டெசிபல் கூடக் கூடக் கோடு கீழே இறங்கும். அதைப் பார்த்தா 4000 கிட்ட குழி விழுந்து, 8000ல மேலே ஏறும். அந்தக் குழிதான் சத்தத்தோட கைநாட்டு. வயசுல வர்றது பெரும்பாலும் 8000 வரைக்கும் சறுக்கிக்கிட்டே போகும், ஏறாது. அப்பா வயசுக்கு ரெண்டும் கலந்தும் இருக்கலாம், அப்ப குழி மங்கலாத்தான் தெரியும். காதுக்குப் பின்னாடி எலும்புல அதிர்ற கருவி ஒண்ணை வெச்சும் டெஸ்ட் எடுப்பாங்க. அதுலயும் அதே அளவு குறைஞ்சிருந்தா கோளாறு உள்காதுல. நமக்கு வர்றது அதுதான். அதனாலதான் குரல் கேக்குது, சொல்லு புரிய மாட்டேங்குது. என் வீட்டுக்காரி 'பத்து'ங்கிறாளா 'பட்டு'ங்கிறாளான்னே தெரியாம கடையில எத்தனை சண்டை!

ஒரு காதுல மட்டும் குறைஞ்சாலோ திடீர்னு குறைஞ்சாலோ அது வேற விசயம், அன்னைக்கே இ.என்.டி. டாக்டர்கிட்ட ஓடணும். அதையும் தறி மேல போட்டுட்டாருன்னு யாரும் கமெண்டுல வராதீங்க.

சத்தத்தால காது போறது, 2025 வரைக்கும் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட மூணாவது அட்டவணையில, அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ன்னு இருந்துச்சு. அந்தச் சட்டம் பத்து ஆளாவது இருக்கிற பட்டறைக்குத்தான். எங்க பட்டறையில ஒரே கூரைக்குக் கீழ மூணு பெயர்ல மூணு பட்டறைன்னு கணக்கு. எந்தக் கணக்குலயும் பத்து ஆள் வராது. அப்புறம் எங்க சட்டம் உள்ள வந்துச்சு?

வேலையை விட்டுடுங்கன்னு சுலபமா சொல்றாங்க. மூத்தவ கல்யாணத்துக்கு ஓனர்கிட்ட வாங்கின அட்வான்ஸ் 60,000. அதைக் கட்டாம வேற பட்டறைக்குக்கூட மாற முடியாது. கூலியில பிடிக்கிறதுக்கு ஒரு சிட்டை கிடையாது. நான் 42 ஆயிரம் கட்டியிருக்கேன்னா ஓனர் 35ங்கிறார். அவரு சொன்ன 35 மட்டும் எனக்குத் தெளிவா கேட்டுச்சு.

இப்ப காதுல வெச்சுக்கிட்டிருந்த பஞ்சைத் தூக்கிப் போட்டுட்டேன், அது சத்தத்தைப் பெருசா தடுக்காது. ஹெட்போன் மாதிரி காதை மூடுற இயர் மஃப் வாங்கி மாட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன். பக்கத்துத் தறிக்காரன் கையைக் காதுல வெச்சு, என்ன பாட்டுன்னு ஜாடையில கேக்கறான்.