ஒரே ஸ்டாஃப், இரண்டு ரீடிங்: கோளாறு கருவியிலா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். 40 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்டாஃபை (அளவு குறித்த கோல்) ஆட்டோ லெவலில் (உயர வித்தியாசம் அளக்கும் டெலஸ்கோப் கருவி) நான் பார்த்தால் 1.432 மீட்டர், உதவியாளர் பார்த்தால் 1.436. கருவியைச் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கருவியின் பார்வைக்கோடு கிடைமட்டமாக இல்லாமல் சாய்ந்திருந்தால் இருவருக்கும் ஒரே தவறான எண்தான் வரும். ஆள் மாறும்போது எண்ணும் மாறினால், முதலில் பார்க்க வேண்டியது பாரலாக்ஸ் எனும் இடமாறு தோற்றப்பிழை. மில்லிமீட்டரைக் கண்மதிப்பில் எடுப்பதால் 1, 2 மி.மீ. வித்தியாசம் இயல்பு, 4 மி.மீ. அப்படியல்ல.

முன் லென்ஸ் ஸ்டாஃபின் பிம்பத்தைக் குழாய்க்குள் உருவாக்குகிறது. கிராஸ் ஹேர் எனும் குறுக்குக் கோடுகள் பொறித்த கண்ணாடித் தகட்டின் மேலேயே அது விழ வேண்டும். சற்று முன்னே பின்னே விழுந்தாலும், கண்ணை அசைத்தால் கோடு ஸ்டாஃபின் மேல் நகரும். ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) முந்தைய ஆளின் கண்ணுக்கு வைத்தபடியே கிடப்பதுதான் பெரும்பாலும் காரணம். இளம் கண் அதைத் தானே சமாளித்துக்கொள்வதால் தப்பு தெரிவதில்லை.

வரிசை முக்கியம். முதலில் டெலஸ்கோப்பை வானத்துக்கோ வெள்ளைத்தாளுக்கோ திருப்புங்கள் (சூரியன் பக்கம் கூடவே கூடாது). கோடுகள் கன்னங்கரேலென்று கூர்மையாகும்வரை ஐபீஸைத் திருகுங்கள். பிறகுதான் ஸ்டாஃபுக்குத் திருப்பி, பக்கத்திலுள்ள ஃபோகஸ் திருகைத் தொட வேண்டும். கண்ணை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். கோடு நகர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து. ஐபீஸை ஆளுக்கு ஒரு முறை சரிசெய்தால் போதும். ஃபோகஸ் ஒவ்வொரு தூரத்துக்கும் மாறும்.

கிராஸ் ஹேரில் உள்ள மேல், நடு, கீழ் என்ற மூன்று கிடைக்கோடுகளையும் படித்து, மேல், கீழ் ரீடிங்குகளின் சராசரி நடுக்கோட்டோடு பொருந்துகிறது என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்தச் சோதனை தவறாகப் படித்ததைத்தான் பிடிக்கும். பாரலாக்ஸில் மூன்றும் சேர்ந்தே நகர்வதால் சராசரி அழகாகவே வரும்!

இதற்குப் பிறகும் சந்தேகமென்றால், பார்வைக்கோட்டின் சாய்வைக் காட்டும் இரண்டு முளைச் சோதனை செய்யுங்கள். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, சரிபாதியில் கருவியை வையுங்கள். ரீடிங் 1.520, 1.275 என்றால் உண்மை வித்தியாசம் 0.245, சமதூரத்தில் சாய்வுப்பிழை கழிந்துவிடும். அடுத்து முதல் முளைக்கு 2 மீட்டர் அருகே வையுங்கள். அங்கே 1.410 என்றால் தூர முளையில் 1.165 வர வேண்டும். 1.171 வந்தால் 6 மி.மீ. பிழை; அப்போது சர்வீஸுக்கு அனுப்பலாம். நண்பகலில் இதைச் செய்யாதீர்கள், சூடான தரைக்கு மேல் பிம்பம் நடுங்கும்.

இதுவரை எடுத்த லெவல்களில், கருவியை இடம் மாற்றிய சேஞ்ச் பாயிண்டுகளை மட்டுமாவது மறுபடி எடுங்கள். அங்கே விழுந்த 4 மி.மீ. அதற்குப் பின் வரும் எல்லாப் புள்ளிகளிலும் ஏறியிருக்கும்.