முன்னாள் ராணுவத்தினருக்கான மெடிக்கல் சோசியல் ஒர்க்: எங்க படிக்கிறது, எங்க வேலை?

உச்சிப்புளியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அப்பா ரிட்டயர்டு ஹவில்தார், இவங்க பி.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி இளங்கலை) கடைசி வருஷம். முன்னாள் ராணுவத்தினருக்காகவே ஆஸ்பத்திரியில சோசியல் ஒர்க்கரா இருக்கணும், அமெரிக்காவுல இதுக்குன்னு தனி டிபார்ட்மெண்டே இருக்காமே, நம்ம ராமநாதபுரத்துல அப்படி வேலை கிடைக்குமான்னு கேள்வி.

அமெரிக்காவுல இருக்குறது உண்மைதான். ஆனா இங்க அப்படி ஒரு போஸ்ட் வரும்னு காத்திருக்காதீங்க தங்கச்சி. முன்னாள் ராணுவத்தினருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் பாக்க 2003ல ஆரம்பிச்ச இசிஎச்எஸ் திட்டத்தோட பாலிகிளினிக்குகள்ல டாக்டர், நர்சிங் அசிஸ்டெண்ட், பார்மசிஸ்ட், கிளார்க்னுதான் காண்ட்ராக்ட்ல ஆள் எடுக்குறாங்க, சோசியல் ஒர்க்கருக்கு இடம் வைக்கல, எனக்கு இது பெரிய வருத்தம். அதனால முதல்ல நல்ல மெடிக்கல் சோசியல் ஒர்க்கர் ஆகுங்க, பட்டாளத்து ஆளுங்க நீங்க இருக்குற வார்டுக்கே வருவாங்க.

படிப்புன்னா எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) ரெண்டு வருஷம், மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் ஸ்பெஷலைசேஷன் எடுங்க. மதுரை இன்ஸ்டிடியூட் ஆஃப் சோசியல் சயின்சஸ் உங்களுக்குப் பக்கம், திருச்சி பிஷப் ஹீபர், சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் ஒர்க்கும் பாருங்க. மனநலப் பக்கம் போறதா இருந்தா 2017 மனநலச் சட்டப்படி சைக்கியாட்ரிக் சோசியல் ஒர்க்கருக்கு எம்.ஃபில்லும் வேணும், ஆனா பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022ல எம்.ஃபில்லையே நிறுத்திட்டு இதுக்கு மட்டும் தற்காலிகமா அவகாசம் குடுத்துச்சு, அதனால பீஸ் கட்டுறதுக்கு முன்னாடி அந்த வருஷ அட்மிஷன் செல்லுமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

வேலை: மாவட்ட மனநலத் திட்டம், மருத்துவக் கல்லூரிகள்ல கம்யூனிட்டி மெடிசின் டிபார்ட்மெண்ட், குடிமீட்பு மையங்கள். 2001ல ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்துல 28 பேர் சங்கிலியோட கருகிப் போன மாவட்டம் நம்மது, மனநல வேலைக்கு இங்க ஆள் தேவை எப்பவும் உண்டு.

இனி காலேஜ்ல சொல்லித் தராத விஷயம். ராணுவத்துல இருந்து வந்தவங்க மனசு சரியில்லைன்னு வாயத் தொறக்க மாட்டாங்க, முட்டி வலி, தூக்கம் வரல, பிரஷர்னுதான் வருவாங்க. கூட வந்த வீட்டம்மாகிட்ட தனியா உக்காந்து பேசுனாத்தான் அவர் ராத்திரி திடுக்குன்னு எந்திரிச்சு உக்காந்துக்கிறது, மிலிட்டரி கேன்டீன் சரக்கு தீந்ததும் வெளிய வாங்க ஆரம்பிச்சது எல்லாம் தெரியவரும். அப்ப அரசாங்கத்தோட இலவச மனநல உதவி லைன் டெலி மானஸ் நம்பர் 14416 அந்தம்மா போன்லயும் இருக்கட்டும். இன்னொண்ணு, உங்க அப்பா செட்டு ஆளுங்களே பேஷண்டா வருவாங்க, அவங்க சொன்னத நீங்க வீட்டுலகூட பேசக் கூடாது.

அப்புறம் பேப்பர். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ (பென்ஷன் உத்தரவு), இசிஎச்எஸ் கார்டு மூணையும் படிக்கத் தெரிஞ்சுக்கோங்க, அப்பாவோடத எடுத்து வச்சுப் பாருங்க. மனைவி பேரு டிஸ்சார்ஜ் புக்ல முத்துலட்சுமி, ஆதார்ல முத்துலெட்சுமி, இந்த ஒரு எழுத்துக்காக புருஷன் போனபிறகு ஃபேமிலி பென்ஷனுக்கு அந்தம்மா அலையா அலையுவாங்க. அவர் வார்டுல படுத்திருக்கும்போதே நீங்க கண்டுபிடிச்சு, அவரோட சர்வீஸ் பதிவு இருக்குற ராணுவ ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வச்சுட்டீங்கன்னா மாத்திரை மருந்துக்கு சமானமான உதவி அது, என்னைக் கேட்டா கவுன்சிலிங்கவிட இதுலதான் குடும்பத்துக்கு உங்க மேல நம்பிக்கை வரும்.

அக்னிவீரர்களையும் மனசுல வைங்க. நாலு வருஷம் முடிச்சு வெளிய வர்ற பசங்களுக்கு முன்னாள் படைவீரர் அந்தஸ்து இல்ல, பென்ஷன் இல்ல, இசிஎச்எஸ் இல்ல. அவங்களுக்கு ஒண்ணுன்னா நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான், அங்க அவங்கள யாருன்னு கேட்டு விசாரிக்க ஒரு ஆள் வேணும்.

எம்.எஸ்.டபிள்யூ சேந்ததும் ஒரு பீல்டு ஒர்க்கையாவது ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போடச் சொல்லி காலேஜ்ல லெட்டர் கேளுங்க. அதுவரைக்கும் கலெக்டர் ஆபீஸ்ல முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டம் நடக்கும்போது அப்பாகூட போய் உக்காந்து, என்னென்ன மனு வருதுன்னு கவனிங்க.