போலோ ஜிடியா, ஐ20 என் லைனா?

கேள்வி: பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஹூண்டாய் ஐ20 என் லைன் டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கார்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?
– வாசகர், கோவை

பதில்: முதலில் போலோவின் வருடத்தைப் பாருங்கள். 2020-க்கு முந்தையது என்றால் 1.2 லிட்டர் இன்ஜின், 7 கியர் டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வாகனின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்). பிந்தையதில் 1.0 லிட்டர், 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்). டிஎஸ்ஜி உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காத கிளட்ச்) வகை. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்தே தேயும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, 20 நிமிடமாவது சிக்னல்கள் நிறைந்த சாலையில் ஓட்டுங்கள். கிளட்ச் சூடேறிய பிறகுதான் உதறல் வெளிப்படும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது உதறினால் அந்த வண்டியே வேண்டாம். கிளட்ச், மெக்கட்ரானிக்ஸ் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) இரண்டுமே பெரிய செலவு.

ஐ20-யின் 7 கியர் டிசிடியும் உலர் கிளட்ச்தான். அதே சோதனையைச் செய்யுங்கள். 120 பிஎஸ் சக்தி, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். போலோவில் பின்பக்கம் டிரம்.

இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில், டயர் காற்றைச் சரிபார்த்த பிறகே ஓட்டுங்கள். கெட்டிப்பட்ட டயர் நல்ல சஸ்பென்ஷனையும் மோசமாகக் காட்டும். டயர் ஓரத்தில் 2321 என்றிருந்தால் 2021-இன் 23-வது வாரத் தயாரிப்பு.

தினமும் நெரிசல் என்றால், தேயும் உலர் கிளட்ச் இல்லாத 1.0 லிட்டர் போலோவே எங்கள் தேர்வு.