மில்லிசெகண்டா, செகண்டா? மெட்ரிக் (கண்காணிப்பு அளவீடு) அலகுகளில் குழப்பம் தீர

கேள்வி: எங்கள் சர்வீஸ்களில் சிலது பதில் நேரத்தை மில்லிசெகண்டில் அனுப்புகிறது, சிலது செகண்டில். மெமரி ஓரிடத்தில் எம்பி (மெகாபைட்), இன்னோரிடத்தில் பைட். எந்த அலகுக்கு எல்லாவற்றையும் மாற்றலாம்?

பதில்: நேரத்துக்கு செகண்ட், மெமரிக்கும் டிஸ்க்குக்கும் பைட். அனுப்புவதும் சேமிப்பதும் இந்த அடிப்படை அலகிலேயே இருக்கட்டும். மெட்ரிக்குகளைச் சேகரித்து வைக்கும் கருவியான புரோமீதியஸ் சொல்லும் பெயரிடும் முறையும் இதுதான். மெட்ரிக்குகளை உருவாக்கி அனுப்புவதற்கான பொதுத் தரமான ஓபன்டெலிமெட்ரியும் நேர அளவுக்கு செகண்டைத்தான் வைத்திருக்கிறது.

"0.035 என்று பார்த்தால் ஒன்றும் புரியவில்லை, 35 என்றால் உடனே புரிகிறது" என்று டீமில் யாராவது சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் அது திரையில் தீர்க்க வேண்டிய விஷயம். மெட்ரிக்குகளை கிராஃபாகக் காட்டும் கிராஃபானாவின் பேனலில் அலகு 'செகண்ட்' என்று தேர்ந்தெடுத்தால் போதும், 0.035-ஐ அதுவே 35 மில்லிசெகண்டாகக் காட்டிவிடும்.

அலகு தவறினால் அதிகம் அடிபடுவது ஹிஸ்டோகிராம்தான், அதாவது மதிப்புகளை வரம்பு வாரியாகப் பிரித்து 'பக்கெட்டு'களில் எண்ணும் மெட்ரிக். புரோமீதியஸின் கோ (Go) மொழி லைப்ரரியில் டீஃபால்ட் பக்கெட்டுகள் 0.005-ல் தொடங்கி 10-ல் முடியும், செகண்டை மனதில் வைத்து அமைத்தவை. அங்கே மில்லிசெகண்டை அனுப்பினால் 35-ம் 900-மும் கடைசி 'முடிவிலி' பக்கெட்டில் போய் விழும். பி95 (95 விழுக்காடு ரிக்வெஸ்டுகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்ற அளவு) கேட்டால் எப்போதும் 10 என்றே பதில் வரும். கிராஃபில் அசையாத நேர்கோடு தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஓபன்டெலிமெட்ரியில் இதற்கு நேர் எதிர். சொல்லும் அலகு செகண்டாக இருந்தாலும், அதன் டீஃபால்ட் எல்லைகள் 0, 5, 10 என்று 10,000 வரை போகும், மில்லிசெகண்டுக்குப் பொருந்துபவை. எல்லைகளை மாற்றாமல் செகண்டை அனுப்பினால் எல்லாம் 0 முதல் 5 வரையுள்ள பக்கெட்டில் அடைந்துவிடும். பக்கெட்டுக்குள் மதிப்புகள் சமமாகப் பரவியிருப்பதாகக் கொண்டே கணக்குப் போடுவதால், எல்லா ரிக்வெஸ்டும் 0.03 செகண்டில் முடிந்திருந்தாலும் பி95 4.75 செகண்ட் என்று காட்டும். நள்ளிரவில் ஒருவரை எழுப்பிவிட இது போதாதா? அதனால் அலகை மாற்றும்போது பக்கெட் எல்லைகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

விழுக்காட்டை 0 முதல் 1 வரையுள்ள விகிதமாக வையுங்கள். ஜிபி விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை: 100 கோடி பைட்டும் ஜிபி, 1,07,37,41,824 பைட்டும் பலர் வாயில் ஜிபிதான். இரண்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம். பைட்டாகச் சேமித்துவிட்டால் இந்தச் சண்டையே கிடையாது. நெட்வொர்க் வேகம் பிட்டில் வேண்டுமென்றால் குவெரியில் 8-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

மெட்ரிக் பெயரின் கடைசியில் அலகையும் எழுதிவிடுங்கள். அலர்ட் எழுதுபவர் 0.5 போடுவதா 500 போடுவதா என்று சர்வீஸின் நிரலைத் தேடிப் போகத் தேவையிருக்காது.

சரி, இப்போது ஓடிக்கொண்டிருப்பதை என்ன செய்வது? பழைய பெயரிலேயே அலகை மட்டும் மாற்றாதீர்கள், தயவுசெய்து. 500-ஐத் தாண்டினால் அடிக்க வேண்டிய அலர்ட், மதிப்பு 0.5 ஆனதும் சத்தமில்லாமல் செத்துவிடும். புதிய பெயரில் செகண்டை அனுப்பத் தொடங்குங்கள், பழையதும் கூடவே ஓடட்டும். அப்புறம் அலர்ட்டுகளை முதலில் மாற்றுங்கள், டாஷ்போர்டுகள் பிறகு. புரோமீதியஸ் டீஃபால்ட்டாக 15 நாள் தரவு வைத்திருக்கும். புதிய மெட்ரிக்கில் அவ்வளவு நாள் சேர்ந்த பிறகு பழையதை நிறுத்துங்கள்.