நீட்டை 2030லும் எழுதலாம்

போன ஞாயிறு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்தது. அப்பா இரண்டரை ஏக்கர் குத்தகைக்கு நடுகிறவர். மகள் பத்தாவது முடித்திருக்கிறாள். பேசியதெல்லாம் கூட வந்த பெரியம்மாதான். "பொம்பளப் புள்ள ஓடி ஓடி என்னத்தக் கண்டுச்சு? நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல போட்டு நீட் படிக்க வச்சா, நம்ம வகையறாவுல ஒரு டாக்டர் வருவா." பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பயாலஜி நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் தள்ளினாள். தேதி போட்டு 400 மீட்டர் நேரங்கள். ஜூனில் 60.9 நொடி, ஜனவரியில் 57.8. அக்டோபரும் நவம்பரும் காலி. மைதானத்தில் தண்ணீர் நின்ற மாதங்கள்.

"கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்தபிறகு அப்படிப் பேச வரவில்லை.

அந்த அப்பாவுக்குத்தான் இதை எழுதுகிறேன். தம்பி, நீட்டுக்கு 2022 முதல் மேல்வயது வரம்பே கிடையாது. 20 வயதிலும் எழுதலாம், 25 வயதிலும் எழுதலாம். 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகத் தடகளப் போட்டி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான். நடக்கிற வருஷம் டிசம்பர் 31 அன்று 19 வயதைத் தாண்டியிருந்தால் சேர்க்க மாட்டார்கள். 2010இல் பிறந்த உங்கள் மகளுக்கு 2028தான் கடைசி. 2030இல் 20 ஆகிவிடும்.

ஹிமா தாஸ் கதை உங்களுக்கும் தெரியும். அசாமில் நெல் விவசாயி மகள், 2018இல் பின்லாந்தின் டாம்பெரேயில் நடந்த இதே 20 வயதுக்குட்பட்டோர் போட்டியில் 400 மீட்டரை 51.46 நொடியில் ஓடித் தங்கம். அதைச் சொல்லி ஆசை காட்ட மாட்டேன். 57.8க்கும் அதற்கும் நடுவே வெகுதூரம் இருக்கிறது.

யாரும் கவனிக்காத கதவு ஒன்று உண்டு: 4x400 ரிலே, நாலு பேர் ஆளுக்கு 400 மீட்டர் ஓடுவது. தனி ஓட்டத்தில் மூன்றாவது, நான்காவதாக வருகிற பிள்ளைக்கும் அதில் இடம் உண்டு. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஓடும் கலப்பு ரிலேயில் நம் ஜூனியர்கள் இதே உலகப் போட்டியில் 2021 நைரோபியில் (கொரோனாவால் 2020இலிருந்து தள்ளிப்போனது) வெண்கலமும், 2022இல் கொலம்பியாவின் காலி நகரில் வெள்ளியும் வாங்கினார்கள். டோக்கியோ ஒலிம்பிக் கலப்பு ரிலேயில் ஓடிய நால்வரில் சுபா வெங்கடேசனும் ஆரோக்கிய ராஜீவும் திருச்சி மாவட்டத்துக்காரர்கள். ரிலேயில் துப்பாக்கிச் சத்தத்துக்குக் கிளம்புபவர் ஒருவர்தான், மற்ற மூவரும் ஓடிக்கொண்டே குச்சியை வாங்குவார்கள். நாலு பேர் முழங்கை இடிக்கிற நெரிசலில் கையை நீட்டி வாங்கத் தனிப் பழக்கம் வேண்டும். அதை இப்போதே பி.டி. டீச்சரிடம் கேட்டுப் பழகட்டும்.

இந்திய அணிவரை போகாவிட்டால்? மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஓடினாலே படிவம் 2 என்ற விளையாட்டுச் சான்றிதழ் கிடைக்கும். நாட்டுக்காக ஓடினால் படிவம் 1. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. இன்ஜினியரிங் கலந்தாய்விலும் தனி ஒதுக்கீடு உண்டு.

பணத்தில் மட்டும் நான் கறார். அந்த ஹாஸ்டல் பள்ளிக்காக நகையை அடகு வைக்காதீர்கள். தமிழக அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணைய விடுதியில் பதினொன்றாம் வகுப்புக்குச் சேர்க்கை உண்டு. தங்குவதும் சாப்பாடும் இலவசம், தேர்வுப் போட்டிக்கு அனுப்புங்கள். "முப்பதாயிரம் கட்டினால் வெளிநாட்டில் இன்டர்நேஷனல் மீட்" என்று ஒருவர் வருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள். அங்கீகாரமில்லாத சங்கத்தின் பதக்கத்துக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. வயதைக் குறைத்துக் காட்டச் சொல்பவரையும் அப்படியே. எலும்புப் பரிசோதனையில் மாட்டினால் பிள்ளை பெயர்தான் கெடும்.

பெரியம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "டாக்டராகணும்னு இவ உங்ககிட்ட எப்பவாவது சொன்னாளா?" பதில் இல்லை.

கிளம்பும்போது வாசலில் பிள்ளை ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். வலது ஷூவின் உள்பக்க முனை மட்டும் துணி தெரியத் தேய்ந்திருந்தது. வளைவில் இடப்பக்கமே திரும்பித் திரும்பி ஓடிய கால். குறுவைக்கு விதைநெல் வாங்கப் போகிறபோது, தம்பி, அப்படியே அவளுக்கு ஒரு ஜோடி பார்த்துவிட்டு வாருங்கள்.