போக்கிமான் கார்டு வாங்கி விற்றால் அமெரிக்காவில் வரிக் கணக்கு எப்படி?

வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் கார்டு வாங்கி விற்கிறீர்கள். இந்த வருடம் கார்டுக்குப் போட்ட பணம் முழுவதையும் செலவாகக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. நானும் நியூஜெர்சியில் இதைத்தான் செய்கிறேன். விற்றுப்போன கார்டின் அடக்க விலை மட்டும்தான் கழியும். டிசம்பரில் 3,000 டாலருக்குப் பெட்டிகள் வாங்கிப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தால் அது சரக்கு. விற்கும் வருடத்தில்தான் கணக்கில் வரும்.

பலர் கோட்டை விடுவது கார்டுக்குக் கார்டு மாற்றும்போது. காசு கைக்கு வராவிட்டாலும் அது விற்பனைதான். 40 டாலருக்கு வாங்கிய சாரிசார்ட் கார்டைக் கொடுத்து, 200 டாலர் பெறும் இன்னொரு கார்டை வாங்கினால் லாபம் 160. புதுக் கார்டின் அடக்கம் இனி 200. மாற்றிய அன்றே, அதே கார்டு இபேயில் என்ன விலைக்குப் போனது என்பதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.

லாப நோக்கத்தோடு, கணக்கு எழுதி, தொடர்ந்து செய்தால் அது தொழில்; ஷெட்யூல் சி என்ற சொந்தத் தொழில் வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். தளக் கமிஷன், தபால் செலவு, கார்டு ஷோவில் மேசை வாடகை, கார் ஓட்டிய மைல் (2025க்கு மைலுக்கு 70 சென்ட்) எல்லாம் கழியும். கிரேடிங் (கார்டின் தரத்தை மதிப்பிட்டுச் சான்று தருவது) கட்டணத்தை அந்தக் கார்டின் அடக்கத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நிகர லாபம் 400 டாலரை எட்டினால் வருமான வரி போக 15.3% சுயதொழில் வரியும் உண்டு. வெறும் பொழுதுபோக்கு என்றால் சுயதொழில் வரி இல்லை. ஆனால் கார்டின் அடக்கம் தவிர வேறு செலவு எதுவும் கழியாது. 2018இல் வந்த இந்தத் தடையை 2025 சட்டம் நிரந்தரமாக்கிவிட்டது.

விற்பனைத் தளம் உங்கள் விற்பனைத் தொகையைக் காட்டி அனுப்பும் 1099-கே படிவம், மத்திய அரசு விதிப்படி 20,000 டாலரும் 200 விற்பனையும் தாண்டினால்தான் கட்டாயம். அது வரவில்லை என்றாலும் வருமானத்தைக் காட்டியே ஆக வேண்டும்.

பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். முதல் வருடம் நான் எல்லா பில்லையும் காருக்குள் போட்டு வைத்திருந்தேன். கோடை வெயிலில் அத்தனையும் கறுத்து, ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. கிட்டத்தட்ட 600 டாலர் அடக்கத்தைக் காட்ட வழியில்லாமல் அதற்கும் சேர்த்து வரி கட்டினேன்.

அப்புறம், எச்1பி வேலை விசாவில் இருந்தால் தொழிலாக இறங்கும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். வரி கட்டிவிட்டோம் என்பதால் விசா விதி மீறல் சரியாகிவிடாது.